யாரும் பிரிக்காத மடிப்பு

ஐயத்துக்கு இடமில்லாத விவரங்களை முதலில் எழுதிவிடுவது முறை. அவர் மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திக்கொண்டார். நிறுத்திக்கொள்ளவில்லை, நிறுத்தப்பட்டார் என்று அவருடைய அக்கா திருத்துவதுண்டு. பேருந்துப் பணிமனை ஒன்றில் விளக்கு மாற்றும் வேலைக்குச் சேர்ந்தவர், வண்டிகளின் மின்சார வேலை முழுவதையும் அங்கேயே கற்றார். இருபத்தாறாவது வயதில் திருமணம். அடுத்த ஆண்டே, பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சரிவான தெருவில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பட்டறை போட்டார். மனைவியின் தம்பி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு வந்து சேர்ந்தபின், எஞ்சின் மச்சானுக்கு, மின்சாரம் இவருக்கு என்று வேலை பிரிந்தது. ஒரே மகள், மணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். இடது புருவத்தில் பேட்டரி அமிலம் தெறித்த தழும்பு. குடிப்பழக்கம் இல்லை. கோபம் உண்டு, ஆனால் அது வேலையைப் பார்த்து வரும், ஆளைப் பார்த்து வராது.

தொழில் வட்டாரத்தில் அவரை மடிப்புக்காரர் என்றே அழைத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வயர்களை இணைக்கும்போது அவர் முதலில் முறுக்குவார், பிறகு ஈயம் வைத்துப் பற்றவைப்பார், அதன்மேல் கறுப்பு டேப் சுற்றுவார். மற்றவர்கள் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். இவர் டேப்பின் நுனியைச் சிறிதளவு உட்புறமாக மடித்துவிட்டு ஒட்டுவார். என்றோ ஒருநாள் அதைப் பிரிக்கப்போகிறவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக்கூடாது, நுனியைப் பிடித்து இழுத்தால் வந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். முகம் தெரியாத ஒருவனுக்காகச் செய்யும் மரியாதை என்று இதைச் சொல்லலாம். அவர் அப்படியெல்லாம் சொன்னதில்லை. "அவனும் நம்மள மாதிரி இருட்டுல தலைகீழாப் படுத்துக்கிட்டுத்தானே பிரிப்பான்" என்று மட்டும் சொல்வார்.

அறுபதைத் தொட்ட ஆண்டில் சில சின்னச் சங்கதிகள் தொடங்கின. எப்போது தொடங்கின என்பதில் குடும்பத்தில் கருத்து ஒற்றுமை இல்லை. மகள், தான் பிரசவத்துக்கு வந்திருந்தபோதே அப்பா ஒரே கதையை இரண்டு முறை சொன்னார் என்கிறாள். மச்சான் அதை ஒப்புவதில்லை. மாமா எப்போதும் கதையை இரண்டு முறை சொல்பவர்தான் என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முதல் நிகழ்ச்சி, ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் பேட்டரியை அவர் மாற்றி இணைத்ததுதான். பிளஸ் போக வேண்டிய இடத்தில் மைனஸ். புகை வந்தது, வாடை வந்தது, மின்சாரம் உண்டாக்கும் கருவி எரிந்துபோனது. தொழிலில் முதல் வாரம் கற்கிற பாடம் அது. பட்டறையில் இருந்த எல்லோரும் ஒருகணம் அவரைப் பார்த்துவிட்டு, உடனே வேறு எங்கெங்கோ பார்த்தார்கள். அந்த 'வேறு எங்கெங்கோ' தான் அவரைச் சுட்டது.

அன்று சாயங்காலம் கொட்டகையின் தகரக் கதவைச் சாத்தும்போது மச்சான் பேச்சை எடுத்தார்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?"

"கோவிக்கிற மாதிரி ஏதோ சொல்லப் போற. சொல்லு மாப்ள."

"கொஞ்ச நாள் வீட்ல இருங்க. எலெக்ட்ரிக் வேலைக்கு ஒரு ஆளப் போட்டுக்கறேன். உங்களுக்குத் தோணும்போது வந்து உக்காந்து பாத்துக்கிட்டா போதும்."

"சும்மா உக்காந்து பாத்துக்கறதுக்குச் சுவத்துல கடிகாரம் இருக்கே. நான் எதுக்கு?"

மச்சான் கதவுக்குப் பூட்டு மாட்டினார். கடிகாரம் நின்றுபோய் மாதக்கணக்காகிறது என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவர், வாடகைக்காரர் என்றே சொல்வோம், வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்பதைவிட உருண்டு வந்தார் என்பதே சரி. அவருடைய கார் பழையது; பல கை மாறி அவர் கைக்கு வந்து, அங்கேயே கிழடுதட்டிப் போனது. சாவியைத் திருப்பினால் சில வேளை உடனே கிளம்பும். சில வேளை 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். சில வேளை அதுவும் வராது. அதனால் சாலையின் மேட்டிலேயே நிறுத்திப் பழகி, பட்டறைத் தெருவின் சரிவில் எஞ்சின் ஓடாமலே இறங்கி, கொட்டகை வாசலில் பிரேக் போட்டார்.

"மறுபடியும் உங்ககிட்டயே வந்துட்டேன் அண்ணே" என்றார் இறங்கியதும்.

"நம்மள விட்டா யாரு இருக்கா" என்றார் மடிப்புக்காரர். வாடிக்கையாளர்கள் ஒப்புக்குச் சொல்லும் பேச்சாகத்தான் அதை எடுத்துக்கொண்டார்.

வாடகைக்காரர் தன் பாட்டைச் சொன்னார். இரண்டு கடைகளில் காட்டியாகிவிட்டது. ஒரு கடையில் புதுப் பேட்டரி போட்டார்கள். இன்னொரு கடையில் ஸ்டார்ட்டரையே மாற்றினார்கள். இரண்டு கடையிலும், காரைக் கொண்டுபோன நேரத்தில் அது ஒழுங்காகக் கிளம்பி அவரைப் பொய்யராக்கிவிட்டது. "டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் நிக்கிற புள்ள மாதிரி அண்ணே. இப்பல்லாம் சவாரி வந்தா எங்க போகணும்னு கேக்கறதில்ல. இறங்கற எடம் மேடா பள்ளமான்னு கேக்கறேன். போன வாரம் ஒருத்தரு, அவரு இறங்கித் தள்ளினதுக்கு வாடகையில கழிச்சுக்கிட்டாரு."

மச்சான் உள்ளே எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியாகவே மடிப்புக்காரர் பேசினார்.

"மாப்ள. ரெண்டு கடைக்காரன் கைவிட்ட வண்டி. இதை நான் தனியாப் பாக்கறேன். யாரும் கிட்ட வரக்கூடாது. பழுதப் புடிச்சிட்டா, வீட்ல இருங்கங்கற பேச்சு அதோட முடிஞ்சுது. புடிக்கலைன்னா என் டெஸ்ட் லாம்ப உன் கையில கொடுத்துட்டு நாளைக்கே வீட்ல உக்காந்துக்கறேன்."

"பந்தயமெல்லாம் எதுக்கு மாமா..."

"சரின்னு சொல்லு."

"சரி" என்றார் மச்சான், ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே.

தன் கைமேல் தனக்கு இருந்த நம்பிக்கையை மடிப்புக்காரர் அந்தக் காரின்மேல் வைத்துவிட்டார். தோற்றால் என்ன போகும் என்பது அவருக்குத் தெரியும். பட்டறையைத் தவிர அவருக்கு வேறு பகல் கிடையாது.

அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார், யாரிடமும் சொன்னதில்லை. வேலை தொடங்குமுன் கருவிகளையெல்லாம் காரின் இடப்பக்க மட்கார்டின்மேல் வரிசையாக வைப்பார். ஒரு சோதனை முடிந்ததும் அதற்குரிய கருவியை வலப்பக்க மட்கார்டுக்கு மாற்றிவிடுவார். எதைச் செய்தாயிற்று, எது பாக்கி என்பதை மனத்தைக் கேட்க வேண்டியதில்லை; மட்கார்டைப் பார்த்தால் போதும். பார்ப்பவர்களுக்கு அது ஒழுங்கான ஆளின் ஒழுங்காகத் தெரிந்தது.

"சூடானாத்தான் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. காலையில பூ மாதிரி கிளம்பும். நாலு சவாரி போயிட்டு நிறுத்தினா, அவ்வளவுதான்."

மற்ற கடைகள் எங்கே தவறின என்பது அவருக்கு உடனே விளங்கியது. ஆறிய காரில் பழுதைத் தேடியிருக்கிறார்கள். அவர் வாடகைக்காரரை ஓட்டச்சொல்லி, தான் பக்கத்தில் உட்கார்ந்து, வெயிலில் ஊரைச் சுற்றிவரச் செய்தார். எஞ்சினின் சூடு கால்வழியே ஏறியது. திரும்பி வந்து கொட்டகை வாசலில் நிறுத்தி அணைக்கச் சொன்னார். சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். டக். அவ்வளவுதான். வாடகைக்காரர் தோற்ற முகத்தோடு பார்த்தார். மடிப்புக்காரர் முகமோ மலர்ந்துவிட்டது. பழுது கண்ணெதிரே நின்றது. இனி அது ஓட முடியாது.

"முன் லைட்டப் போட்டுட்டுச் சாவியத் திருப்பு."

விளக்கு மங்கவில்லை. ஸ்டார்ட்டர் சுழல முயன்று தோற்றிருந்தால், அது மின்சாரத்தை வாரிக் குடித்து விளக்கு மங்கியிருக்கும். மங்கவில்லையென்றால், தடித்த வயரில் மின்சாரம் புறப்படவே இல்லை. 'கிளம்பு' என்று சொல்லும் உத்தரவே ஸ்டார்ட்டருக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அடுத்து, ஒரு துண்டு வயரை எடுத்துப் பேட்டரியின் பிளஸிலிருந்து நேராக, ஸ்டார்ட்டரின் முதுகில் உட்கார்ந்து அந்த உத்தரவை வாங்கும் சொலினாய்டின் சின்ன முனையைத் தொட்டார். எஞ்சின் கடகடவென்று சுழன்றது.

"பாத்தியா? புதுப் பேட்டரியும் வேஸ்ட். புது ஸ்டார்ட்டரும் வேஸ்ட். ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அதச் சொல்லாதீங்கண்ணே, வயிறு எரியுது."

மடிப்புக்காரர் குனிந்து சொலினாய்டின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். உதவி செய்வதாக நினைத்து, வாடகைக்காரர் மட்கார்டில் கிடந்த கருவிகளையெல்லாம் ஒரே பக்கமாக அழகாக அடுக்கி வைத்தார். மடிப்புக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்கம் ஒன்றுமில்லை. எல்லாம் வலப்பக்கம். எல்லாம் முடிந்துவிட்டது என்றது மட்கார்டு. அவர் கையில் துணியோடு அப்படியே நின்றார். இப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது துடைத்துவிட்டாற்போல் மறந்துபோயிருந்தது. வியர்வை புருவத் தழும்பின் வழியே இறங்கியது. கோபித்துக்கொள்ளவில்லை. கருவிகளை ஒவ்வொன்றாக இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, மீட்டரைப் பேட்டரியில் வைத்தார்.

"அண்ணே, பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்களே."

"இன்னொரு தடவ பாத்தாப் பேட்டரி கோவிச்சுக்காது." பிறகு கேட்டார்: "சூடானாத்தான் மக்கர் பண்ணுதா?"

"ஆமாண்ணே" என்றார் வாடகைக்காரர், முதல் முறை கேட்கப்பட்டவர்போலவே. அவர் நல்ல மனிதர்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். விளக்கு, துண்டு வயர், கடகட. இம்முறை வாடகைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இப்போது சொலினாய்டின் சின்ன முனையில் மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். பன்னிரண்டு வோல்ட் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் வந்தது. ஐந்து வோல்ட் வழியில் எங்கோ தொலைந்தது. ஆறிய சொலினாய்டு ஏழை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடும், சூடேறினால் முடியாது. ரகசியம் அவ்வளவுதான். சாவி சுவிட்சுக்கு உள்ளே போகும் மின்சாரத்தைப் பார்த்தார்: பன்னிரண்டு. வெளியே வருவதைப் பார்த்தார்: பன்னிரண்டு. அப்படியென்றால் சுவிட்சுக்குப் பிறகு, சொலினாய்டுக்கு முன்பு.

முன்னிருக்கையில் மல்லாந்து படுத்து, தலையை டாஷ்போர்டின் அடியில் நுழைத்து, வயரில் மின்சாரம் ஓடுவதைக் காட்டும் அந்த டெஸ்ட் லாம்பை எரியவிட்டுப் பற்களால் கடித்துக்கொண்டு, விரல்களால் வயரைத் தடவிக்கொண்டே போனார். அந்த நேரத்தில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. விரல்கள் முப்பது ஆண்டுகளாகப் போன வழியில் போயின. ஓரிடத்தில் வயர் தடித்தது. டேப் சுற்றிய இணைப்பு. தொட்டுப் பார்த்தார். சுட்டது.

"மாட்டிக்கிச்சு" என்றார் பல்லிடுக்கில்.

நுனியைப் பிடித்து இழுத்தார். டேப் சுலபமாகப் பிரிந்து வந்தது. உள்ளே ஈயம் இல்லை. வெறுமனே முறுக்கிய செம்பு பச்சை பூத்து, பாதிக் கம்பிகள் அறுந்து நின்றன. போதாததற்கு, ஒட்டுப்போட்டிருந்த துண்டு, சின்ன விளக்குக்குப் போடும் மெல்லிய வயர்.

"எவன்யா இந்த வேலையப் பாத்தவன்?" என்று டாஷ்போர்டின் அடியிலிருந்தே கத்தினார். "ஸ்டார்ட்டர் வயருக்கு விளக்கு வயரா? ஈயம் வைக்காம முறுக்கி விட்டிருக்கான். இவனெல்லாம் சட்டைக்குப் பட்டன் தைக்கக்கூட லாயக்கில்ல. இதுக்குக் கூலி வேற வாங்கியிருப்பான். எந்தக் கடையில கொடுத்த?"

வாடகைக்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"உன்னத்தான் கேக்கறேன். எந்தக் கடை?"

மடிப்புக்காரர் கையில் இருந்த டேப்பைப் பார்த்தார். அது எவ்வளவு எளிதாகப் பிரிந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. நகத்தால் சுரண்டவில்லை. தேடவில்லை. விரல் போன இடத்தில் நுனி தயாராக இருந்தது. அவர் அதை டெஸ்ட் லாம்பின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நுனி உட்புறமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது.

மெல்ல வெளியே வந்து, கதவைத் திறந்தபடி இருக்கையின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

"நான் பண்ணினதா?"

"மழைக்கு முன்னாடி, அண்ணே. சாவி சுவிட்ச் மாத்தினீங்க. வயரு எட்டலன்னு ஒரு துண்டு சேத்தீங்க." வாடகைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வரும்போதே சொன்னேனே, மறுபடியும் வந்துட்டேன்னு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சேன்."

சிறிதும் ஞாபகம் இல்லை. அந்தக் காரை அன்றுதான் முதன்முறை பார்ப்பதாக அவர் ஆணையிட்டுச் சொல்லியிருப்பார். முறுக்கியிருக்கிறார்; ஈயம் வைக்கவில்லை; டேப் சுற்றியிருக்கிறார்; நுனியை மட்டும் மறக்காமல் மடித்திருக்கிறார். கை தன் கடைசி வேலையைச் செய்து முடித்துவிட்டது. நடுவில் இருந்ததை மனம் விட்டுவிட்டது.

"ரெண்டு கடைக்காரனும் இந்த எடத்தப் பாக்கலியா? வயரத் தடவினா யாருக்கும் தெரியுமே."

"பாத்தாங்கண்ணே. ரெண்டு பேருமே பாத்தாங்க. மடிப்பப் பாத்ததும் கைய எடுத்துட்டாங்க. மடிப்புக்காரர் ஜாயின்ட்டு, இதுல பழுது இருக்காது, வேற எடத்தத் தேடுவோம்னாங்க."

பிரிப்பவனுக்கு எளிதாக இருக்கட்டும் என்று முப்பது ஆண்டுகளாக மடித்தார். அந்த மடிப்பே யாரையும் பிரிக்கவிடாமல் செய்துவிட்டது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் எழுந்தார். தடித்த வயர் எடுத்தார், முறுக்கினார், ஈயத்தை உருக்கி வைத்தார், ஆறும்வரை காத்திருந்தார். பிறகு வாடகைக்காரரைக் கூப்பிட்டு, "ஈயம் இருக்கா, பாத்துச் சொல்லு" என்றார். "இருக்குண்ணே" என்ற பிறகே டேப் சுற்றினார். காரை மறுபடியும் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். சாவியைத் தொட்டதும் கிளம்பியது. திரும்பத் திரும்ப அணைத்துத் திரும்பத் திரும்பக் கிளப்பினார்கள். ஒருமுறைகூடத் தவறவில்லை.

சத்தத்தைக் கேட்டு மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு, தோற்றதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளைப் பார்ப்பது அரிது.

"ஜெயிச்சுட்டீங்க மாமா. நான் சொன்ன சொல்லத் திருப்பி எடுத்துக்கறேன். நாளையிலேர்ந்து பழையபடி..."

மடிப்புக்காரர் வெட்டியெடுத்த பழைய இணைப்பையும் டேப்பையும் அவர் கையில் வைத்தார். மச்சான் பச்சை பூத்த செம்பைப் பார்த்தார். பிறகு மடித்த நுனியைப் பார்த்தார். சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"யாரோ உங்கள மாதிரியே மடிச்சிருக்கான்" என்றார்.

"ஆமாண்ணே" என்று வாடகைக்காரர் உடனே சேர்ந்துகொண்டார். "இப்பல்லாம் நெறைய பேரு மடிக்கறாங்க."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்காமலே ஒரே பொய்யச் சொல்றீங்க" என்றார் மடிப்புக்காரர். "நல்லா இருக்கு."

டெஸ்ட் லாம்பை எடுத்து, அதன் வயரைச் சுற்றி, மச்சானின் சட்டைப் பையில் வைத்தார். மச்சான் கண்ணைத் துடைத்தபோது கிரீஸ் கன்னத்தில் பட்டது.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். பேட்டரி விஷயத்துக்கப்புறம் நான் பாத்த வண்டியெல்லாம் நீ மறுபடியும் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. நீங்க சாப்பிடப் போனதும் பாப்பேன். கிளம்புதா, லைட் எரியுதா, எல்லாம் பாப்பேன்."

"ஜாயின்ட்டப் பிரிச்சுப் பாத்தியா?"

மச்சான் கையிலிருந்த டேப்பின் நுனியைத் தடவினார். "உங்க மடிப்பப் பிரிக்க எனக்குக் கை வரல மாமா."

வீட்டில், மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி முன்னதாகவே போனில் சொல்லியிருக்க வேண்டும். அவர் எதுவும் கேட்கவில்லை. மடிப்புக்காரர் சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"தெரியறதுக்கெல்லாம் நாள் குறிச்சு வச்சாக் குடும்பம் நடத்த முடியுமா?"

"சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். ரெண்டு தடவையும் நீங்க புதுசாக் கேக்கற மாதிரி அதிர்ச்சியானீங்க. மூணாவது தடவ எனக்கு மனசு வரல."

அவர் சிரிக்க முயன்றார். அது வேறொன்றாகத் திரும்பியது. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையோடு அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் ஏதோ தீய்ந்தது. இருவரும் அசையவில்லை.

"வேலை போனது பெரிசில்ல" என்றார் அவர், அந்தப் பிடியிலிருந்தே. "இன்னும் எத்தன வண்டியில அந்த மாதிரி கெடக்கோ. எதெதுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. பெட்ரோல் பைப் பக்கத்துல எதாவது சூடானா? எவனும் பிரிச்சுப் பாக்க மாட்டான். என் பேரு காவல் காக்குது."

அவர் நிலையில் வேறு யாராவது இருந்திருந்தால், பந்தயத்தில் வென்றதாகவே இருந்துவிட்டுக் கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம் என்று அவருடைய அக்கா இன்றும் சொல்கிறார். மறுநாள் காலை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டார். மச்சான் கூட வருவதாகச் சொன்னதற்கு ஒப்பவில்லை. "நீ கூட வந்தா, நீ சொல்லச் சொல்லித்தான் சொல்றேன்னு நெனப்பானுங்க" என்றார். அந்த வட்டாரத்தில் வண்டி மின்சார வேலை செய்யும் கடைகள் ஐந்தாறு. எல்லாம் நடந்துபோகும் தூரம்.

முதலில் போனது பேட்டரிக் கடைக்கு. அதன் சொந்தக்காரர் இவருக்கு இளையவர். இவரை அண்ணன் என்று அழைப்பவர். அன்று நடந்ததைப் பின்னாளில் குடும்பத்தாரிடம் சொன்னவரும் அவர்தான்.

"தம்பி, இனிமே வண்டியில என் மடிப்பப் பாத்தா, மொதல்ல அதத்தான் பிரிச்சுப் பாக்கணும். கொஞ்ச நாளா என் வேலை சரியில்ல. ஈயம் வைக்காம விட்டிருக்கேன்."

பேட்டரிக் கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, வயசானா ஆளுங்களுக்கு வாய் நீளும். உங்களுக்குத் தன்னடக்கம் நீளுதா? உங்க ஜாயின்ட்டப் பிரிச்சா என்னத் தொழில்ல சேத்துக்குவாங்களா?"

"நான் விளையாடல."

"சரிண்ணே, பிரிச்சுடறேன். டீ குடிங்க."

ஒவ்வொரு கடையிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒருவர் உட்காரவைத்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினார். ஒருவர், தன் பட்டறையில் வேலை கற்கிறவர்களுக்கு அவர் மடிப்பைத்தான் காட்டிச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். ஒருவர், மச்சானோடு ஏதாவது மனத்தாங்கலா, அதனால்தான் தன்னைத் தானே மட்டம்தட்டிக்கொள்கிறாரா என்று பக்குவமாக விசாரித்தார். ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த நல்ல பெயரை அவரால் ஒரு காலையில் அவிழ்க்க முடியவில்லை. தெருவின் முனையில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து, அடுத்த கடை எது என்று பார்த்தார். வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று சொல்ல அங்கே மட்கார்டு இல்லை.

பேட்டரிக் கடைக்காரர் வாசலில் ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது மடிப்புக்காரர் எதிரே நின்றுகொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. முகத்தில் முதன்முறை வருகிறவரின் தயக்கம்.

"தம்பி, உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்னு வந்தேன்" என்றார். "இனிமே வண்டியில என் மடிப்பப் பாத்தா, மொதல்ல அதத்தான் பிரிச்சுப் பாக்கணும்."

பேட்டரிக் கடைக்காரர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். மேசைமேல், மடிப்புக்காரர் காலையில் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ் இன்னும் கழுவப்படாமல் இருந்தது. அதை மெல்லப் பின்னால் நகர்த்தி மறைத்துக்கொண்டு, முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சரிண்ணே" என்றார் முடிவில். "பிரிச்சுப் பாக்கறேன். எல்லாக் கடைக்கும் நானே சொல்லிடறேன்."

"நம்பறியா?"

"நம்பறேண்ணே."

மடிப்புக்காரரின் தோள்கள் தளர்ந்தன. இவ்வளவு சீக்கிரம் ஒருவன் நம்பிவிட்டதில் அவருக்கு ஆறுதலாக இருந்தது. கடைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு அவரைப் பட்டறைவரை கொண்டுவந்து விட்டார். வழியில் இருவரும் மழை வருமா வராதா என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அந்த வார முடிவுக்குள் வட்டாரத்தின் எல்லாக் கடைகளிலும் அவருடைய இணைப்புகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஈயம் இல்லாதவை பல அகப்பட்டன. எத்தனை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் சில மாதங்களுக்குப் பிறகு கேட்கவில்லை. மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னது அதற்கும் பின்னால்தான்.

பட்டறையில் வேலை செய்தது முப்பத்து நான்கு ஆண்டுகள். அதன்பின் வீட்டில் இருந்தது ஏழு ஆண்டுகள். அவற்றில் மனைவியை அடையாளம் கண்டது நான்கு.